வாங்கியவரா, அறிந்தவரா?

கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்ட உயர்மட்ட மேம்பாலம் 2025 அக்டோபர் 9ஆம் நாள் திறக்கப்பட்டபோது, அதற்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது. பெயரோடு ஒட்டியிருக்கும் சாதிச் சொல் இருக்கலாமா, கூடாதா என்ற விவாதம் சில நாள்கள் நீடித்தது. விவாதம் தேவையானதுதான். ஆனால், அந்த ஆரவாரத்தில் அந்த மனிதரின் வாழ்க்கை பேசப்படாமலே போயிற்று.

அதே அவிநாசி சாலையில் அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. அவருடைய மகன் ஜி.டி. கோபால் 2015இல் தொடங்கிய கார் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியின் மாதிரி தொடங்கி, பல நாடுகளில் உருவான சொகுசுக் கார்களும் எளிய கார்களும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. மேம்பாலத்தில் விரைந்து செல்லும் விலையுயர்ந்த கார்களின் உரிமையாளர்கள் ஒருநாள் கீழே இறங்கி அதற்குள் சென்று வருவது நல்லது. கார் என்பது யாருடையது என்ற கேள்வி அங்கே எழும்.

பணம் கொடுத்தவர்தான் உரிமையாளர் என்பது பதிவுச் சான்றிதழ் தரும் விடை. அந்தப் பொருளை அறிந்து, பேணி, அதன் ஆயுளை நீட்டிப்பவரே உண்மையான உரிமையாளர் என்பது ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை தரும் விடை. இரண்டாவது விடையை நாம் மறந்துவிட்டோம் என்றே நான் கருதுகிறேன். மறந்ததற்கான விலையையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் வாழும் குலசேகரம், ரப்பரால் வளர்ந்த ஊர். 2011இல் ரப்பர் விலை கிலோ 240 ரூபாயைத் தொட்டபோது குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி எங்கும் புதிய கார்கள் வந்திறங்கின. 2016 தொடக்கத்தில் அதே ரப்பர் 100 ரூபாய்க்கும் கீழே சரிந்தது. ரப்பர் விலை சரிந்ததற்காகக் காரின் மாதத் தவணை குறையவில்லை. உதிரி பாகங்களின் விலையும் குறையவில்லை. தார்ப்பாய் போர்த்தி வீட்டு முற்றத்தில் நிற்கும் சொகுசுக் கார்களை இன்றும் எங்கள் பகுதியில் காணலாம். அவற்றை ஓட்டுவதற்கும் முடியவில்லை; விற்பதற்கும் மனமில்லை.

இந்தக் கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜி.டி. நாயுடுவின் நினைவு வருவதற்குக் காரணம், அவருடைய வாழ்க்கை ஒரு வாகனத்தை வாங்கியதில் தொடங்கியது என்பதே. வாங்கியவுடன் அவர் செய்த முதல் காரியம்தான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. தொடக்கக் கல்வியோடு நின்றது. ஊரில் வேளாண்மையைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞரின் கண்ணில் ஒருநாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் பட்டது. மாடோ குதிரையோ இழுக்காமல் தானே ஓடும் வண்டி அவரை ஆட்கொண்டது.

அதை வாங்குவதற்கு அவரிடம் பணம் இல்லை. ஊரைவிட்டுக் கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த 300 ரூபாயைக் கொடுத்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளே பெரும் சொகுசுப் பொருள். அதை ஓட்டி ஊரை வலம்வந்து பெருமை கொண்டாடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அதை அக்கக்காகப் பிரித்தார், மறுபடியும் பூட்டினார். எந்தப் பாகம் எதற்காக இருக்கிறது என்று விளங்கும் வரை அந்த வேலையை அவர் விடவில்லை. அவருக்கு வாய்த்த பொறியியல் கல்லூரி அதுதான்.

காரின் வரலாற்றோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1888 ஆகஸ்டில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமலே தம் இரு மகன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கும் மேல் காரை ஓட்டிச் சென்றார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அது. வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் பட்டை தைத்துப் பொருத்திக்கொண்டார். முதல் நெடும்பயணமே முதல் பராமரிப்புப் பாடமாகவும் அமைந்தது. ஓட்டுவதும் பேணுவதும் ஒரே செயலின் இரு பக்கங்களாகத்தான் தொடங்கின. பின்னால்தான் அவை பிரிந்தன.

மோட்டார் சைக்கிளிலிருந்து நேராகப் பேருந்துத் தொழிலுக்கு நாயுடு வந்துவிடவில்லை. இடையே பருத்தி வணிகத்தில் இறங்கி நல்ல பொருள் ஈட்டினார். பம்பாய்ச் சந்தையில் அதை இழந்தார். கைப்பொருள் முழுவதும் போன பிறகு அவரிடம் எஞ்சியிருந்தது இயந்திரங்களைப் பற்றிய அறிவு ஒன்றே. அதை எந்தச் சந்தையும் பறித்துக்கொள்ள முடியவில்லை.

அந்த அறிவை நம்பிக் கடன் கொடுத்தவர் கோவையில் ஆலைத் தொழிலும் கல்வி நிலையமும் வளர்த்த ராபர்ட் ஸ்டேன்ஸ். அவருடைய உதவியோடு 1920இல் நாயுடு ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். பயணிகளை ஏற்றுவதும் கட்டணம் வாங்குவதும் பழுது பார்ப்பதும் அவர் கையாலேயே நடந்தன. அந்த ஒற்றை வண்டிதான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு அறிந்த பெயராயிற்று.

பேருந்துத் தொழிலின் கணக்கு எளிமையானது; இரக்கமற்றதும்கூட. ஓடுகிற வண்டி சம்பாதிக்கும். நிற்கிற வண்டி தின்னும். அன்றைய சாலைகள் பெரும்பாலும் கப்பிச் சாலைகள். டயர்கள் அடிக்கடி வெடிக்கும்; ஸ்பிரிங் தகடுகள் முறியும்; உதிரி பாகங்கள் கப்பலில் வர வேண்டும். அத்தகைய காலத்தில் ஒரு வண்டியின் விலையை நிர்ணயித்தது அதை வாங்கிய தொகையன்று. அதைச் சாலையில் நிறுத்தாமல் ஓட வைக்கும் பணிமனைதான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது சென்னை மாகாணப் பேருந்துகள் பின்புறம் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடின. இயந்திரத்தை அறிந்தவர்கள் இருந்ததால் சாலைப் போக்குவரத்து நின்றுவிடவில்லை.

செல்வம் சேர்ந்த பிறகும் நாயுடு மாறவில்லை. 1930களில் அவர் ஐரோப்பாவுக்குச் சென்றார். செல்வந்தர்கள் அங்கிருந்து அழகுப் பொருள்களைக் கொண்டுவந்தார்கள். அவர் இயந்திரங்களையும் அவை இயங்கும் முறையையும் கற்றுக்கொண்டு வந்தார். மின்கலத்தில் இயங்கும் முகச்சவரக் கருவியை உருவாக்கி ஐரோப்பியச் சந்தையிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டாராகப் போற்றப்படுகிறது. பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, வாக்குப் பதிவு செய்யும் இயந்திரம் என அவருடைய முயற்சிகள் பல திசைகளில் சென்றன.

அவருடைய வாழ்க்கையை வெற்றிகளின் பட்டியலாக மட்டும் படிப்பது சரியன்று. தேர்தலில் நின்று தோற்றிருக்கிறார். பிடிவாதம் மிகுந்தவர். அரசு அதிகாரிகளோடும் வரி விதிப்போடும் ஓயாமல் மோதினார். அந்த மோதல்களில் அவர் இழந்ததும் உண்டு. அவருடைய பிடிவாதத்தால் நாடு இழந்ததும் உண்டு. ஆயினும், ஒரு பொருளின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதில் அவருக்கு ஒருபோதும் குழப்பம் இருந்ததில்லை.

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டதில் அவருடைய பங்கு பெரிது. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தோற்றுவாய் அதுவே. பொறியியல் கற்க நீண்ட ஆண்டுகள் தேவையில்லை, பட்டறையில் கை அழுக்காகக் கற்றால் குறுகிய காலத்திலேயே தேர்ச்சி பெறலாம் என்பது அவர் கொள்கை. அரசு அதை ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். இருதரப்பிலும் நியாயம் இருந்திருக்கலாம். கோட்பாடு இல்லாத கைத்திறன் ஓரளவுக்கு மேல் வளராது என்பதும் உண்மை. ஆனால், இன்று பொறியியல் பட்டம் பெற்ற இளைஞர்களில் எத்தனை பேரால் தம் வண்டியின் சக்கரத்தைக் கழற்றி மாட்ட முடியும் என்று எண்ணிப் பார்த்தால், அவர் எழுப்பிய கேள்விக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை என்பது புரியும்.

நான் முக்கியமாகக் கருதுவது 1952இல் நடந்ததை. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றை நாயுடு உருவாக்கினார். 2,000 ரூபாய் விலையில் அதைத் தர முடியும் என்றார். உற்பத்திக்கான உரிமத்தை அரசு வழங்கவில்லை. அன்றைய தொழிற்கொள்கை ஒருசில நிறுவனங்களை மட்டுமே கார் உற்பத்திக்கு அனுமதித்தது. வெளிநாட்டுப் பாகங்களைப் பூட்டி விற்றுவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும்கூட அந்த ஆண்டுகளில்தான் இந்தியாவைவிட்டு வெளியேறின.

அதன் விளைவு முப்பது ஆண்டுகள் நீடித்தது. அம்பாசிடர், பிரீமியர், ஸ்டாண்டர்டு என விரல்விட்டு எண்ணக்கூடிய கார்களே இருந்தன. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புதிய காருக்கு நிர்ணயித்த விலையைவிட, ஓடிய கார் அதிக விலைக்கு விற்ற விந்தையும் நடந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

அந்தக் காலத்தைப் பலர் ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். கார் அன்று விலை இழக்காத சொத்தாக இருந்தது என்பார்கள். அது காரின் மதிப்பன்று, தட்டுப்பாட்டின் மதிப்பு. தட்டுப்பாடு நீங்கியதும் அது மறைந்தது. ஆனால், அதே காலம் நமக்கு இன்னொரு செல்வத்தையும் தந்தது. புதிய கார் கிடைக்காததால் பழைய காரை ஓட்டியே தீரவேண்டிய கட்டாயம், ஊர்தோறும் தேர்ந்த மெக்கானிக்குகளை உருவாக்கியது. இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லும் வித்தகர்கள் அவர்கள். எங்கள் மலையோர எஸ்டேட்டுகளில் பழைய ஜீப்புகளைத் தலைமுறை தாண்டியும் ஓட வைத்தவர்கள் அவர்கள்தாம். அவர்கள் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. நாயுடுவின் வழியில் பிரித்துப் பார்த்தே கற்றவர்கள்.

இன்றைய சொகுசுக் காரின் கணக்கைப் பார்ப்போம். மோட்டார் காப்பீட்டுக்கான தேய்மான அட்டவணைப்படி, ஆறு மாதம் கடந்த கார் ஓராண்டு நிறைவதற்குள் 15 விழுக்காடு மதிப்பை இழக்கிறது. இரண்டாம் ஆண்டில் அது 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு. 60 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய கார் ஐந்தாம் ஆண்டு முடியும்போது காப்பீட்டுக் கணக்கில் 30 லட்சம்தான். சந்தையில் சொகுசுக் காரின் விலை பெரும்பாலும் இதைவிட வேகமாக இறங்கும்.

விலை இறங்கிய காரை இரண்டாவதாக வாங்குபவருக்கு ஒரு மயக்கம் ஏற்படுகிறது. 60 லட்சம் ரூபாய் காரை 15 லட்சத்துக்கு வாங்கிவிட்டோம் என்ற மகிழ்ச்சி அது. ஆனால், காரின் விலைதான் 15 லட்சம். அதன் முகப்பு விளக்கும், காற்று நிரம்பிய சஸ்பென்ஷனும், கியர் பெட்டியும் 60 லட்சம் ரூபாய் காருக்குரிய விலையிலேயே இருக்கின்றன. விற்பனை விலை தேயும். பராமரிப்புச் செலவு தேயாது, ஆண்டு ஏற ஏறக் கூடும். பழைய சொகுசுக் காரில் கையைச் சுட்டுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் இந்த எளிய உண்மையைக் கணக்கில் கொள்ளாதவர்களே.

ஓட்டாமல் வைத்திருந்தால் கார் புதிதாகவே இருக்கும் என்பது அடுத்த மயக்கம். ரப்பர் ஊர்க்காரர்களாகிய எங்களுக்கு இது எளிதில் புரிய வேண்டும். மரத்திலிருந்து வடித்த பாலை உறைய வைத்து, ஷீட்டாக்கி, புகையிட்டுக் காய்த்தாலும், காற்றும் வெயிலும் அதை மெல்லத் தின்றுகொண்டேதான் இருக்கும். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்களாக அது உருவான வாரமும் ஆண்டும் பொறிக்கப்படுவது அதனால்தான். ஓடாத டயரும் வயதாகி வெடிப்பு விடும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும். தொட்டியில் தேங்கிய பெட்ரோல் பிசினாகப் படியும். மின்கலம் உயிரிழக்கும். இரண்டு பருவமழையும் கொட்டும் எங்கள் மண்ணில் தார்ப்பாயின் அடியில் தங்கும் ஈரமே தகட்டைத் துருவாக்கிவிடும்.

இதற்கு எதிரெதிரான இரு சான்றுகள் இந்திய மன்னர் குடும்பங்களிலேயே உள்ளன. ஹைதராபாத் நிஜாம் மெஹபூப் அலி கான் அரியணை போன்ற இருக்கையோடு ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் காருக்கு ஆணை கொடுத்தார். அது வந்து சேருமுன் 1911இல் அவர் இறந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த உஸ்மான் அலி கான் உலகின் மிகப்பெரிய செல்வராகப் பேசப்பட்டவர். ஆனால், சிக்கனத்துக்கும் பெயர்பெற்றவர். அந்தக் கார் அவர் காலத்தில் 400 மைல்கூட ஓடவில்லை. அரண்மனைக் கொட்டகைகளில் வரிசையாக நின்ற கார்களுள் பெரும்பாலானவை பின்னாளில் இயங்காத இரும்பாகக் கிடந்தன.

மற்றொரு சான்று எங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணையும் வரை குலசேகரம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1950களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 ரகக் காரை 2013இல் மறையும் வரை கைவிடவில்லை. அதைப் பல லட்சம் மைல் ஓட்டினார். புதிதாக எத்தனையோ கார்கள் வாங்கும் வசதி இருந்தும் அந்த ஒன்றையே பேணினார். மன்னரின் கொட்டகையில் நின்றே அழிந்த கார்களையும், இளையராஜாவின் கையில் ஓடி ஓடி நிலைத்த காரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு காரைக் காப்பாற்றுவது பணமன்று, இடைவிடாத கவனிப்பே என்பது விளங்கும்.

ஜி.டி. நாயுடுவின் காலம் வேறு, நம் காலம் வேறு என்று சிலர் சொல்லலாம். இன்றைய காரில் இயந்திரத்தைவிடக் கணினிப் பலகைகளே மிகுதி. அதைப் பிரித்துப் பார்க்க ஸ்பேனர் போதாது என்பது உண்மைதான். ஆனால், பிரிக்க முடியாமல் போனதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமன்று. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குத் தராமல் பூட்டி வைத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. பழுது பார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய இணையதளத்தில் வாகனத் துறையும் இடம்பெற்றுள்ளது. வாங்கியவர் அறிந்துகொள்ள விடாமல் தடுக்கும் சுவர் ஒன்று இருக்கிறது என்பதை அரசு அமைப்புகளே ஒப்புக்கொண்டுள்ளன என்றுதான் இதற்குப் பொருள்.

அந்தச் சுவர் உடைபட வேண்டும் என்று கேட்பதற்கு முன், நமக்கு உள்ளே செல்லும் விருப்பம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் பகுதியில் விலை உயர்ந்த கார் பழுதானால் பெரும்பாலோர் அதைத் திருவனந்தபுரத்துக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். திரும்பி வரும்போது நீண்டதொரு பட்டியலும் வருகிறது. அதில் எந்தப் பாகம் எதற்காக மாற்றப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. தொகையை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

காரின் பூர்வீகத்தையும் நாம் கேட்பதில்லை. பூட்டான் வழியாக முறைகேடாகக் கொண்டுவரப்பட்ட விலையுயர்ந்த வாகனங்கள் தொடர்பாக 2025 செப்டம்பரில் சுங்கத் துறை கேரளம் முழுவதும் சோதனை நடத்தியது. எல்லை ஓரத்தில் வாழும் எங்களுக்கு அது தொலைதூரச் செய்தியாகத் தோன்றவில்லை. விலை மலிவு என்பதற்காகவே வாங்கப்படும் காரில், அது எங்கே பிறந்தது, யார் ஓட்டினார்கள், எப்போது எண்ணெய் மாற்றப்பட்டது என்ற விவரம் எதுவும் இருப்பதில்லை. வரலாறு இல்லாத கார், மருத்துவக் குறிப்பு இல்லாத நோயாளியைப் போன்றது.

பழைய காரை அரசும் இப்போது இரு கண்களால் பார்க்கிறது. 15 ஆண்டு கடந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தகுதிச் சோதனையில் தேறாத வண்டிகளைக் கழித்துவிடும் கொள்கையும் வந்துவிட்டது. மறுபுறம், 50 ஆண்டு கடந்த வாகனங்களைப் பாரம்பரிய வாகனங்களாகத் தனி எண்வரிசையில் பதிவு செய்ய 2021இல் விதி வகுக்கப்பட்டது. அதற்கான புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் பயன்பாட்டுக்கு அந்த வாகனங்களை ஓட்டக் கூடாது.

புகையைக் கக்கும் வண்டிகள் சாலையைவிட்டு அகல வேண்டும் என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்தில்லை. ஆனால், பதினைந்தாம் ஆண்டில் சுமையாகக் கருதப்பட்டு, ஐம்பதாம் ஆண்டில் மரபுச் செல்வமாகப் போற்றப்படும் ஒரு பொருளை, இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகள் யார் காப்பாற்றுவது? பணக்காரச் சேகரிப்பாளர் அன்று; அவர் ஐம்பதாம் ஆண்டில்தான் வருவார். அந்த இடைக்காலத்தில் காரை உயிரோடு வைத்திருப்பவர்கள் ஒரு பிடிவாதமான உரிமையாளரும், அவருக்கு வாய்த்த ஒரு மெக்கானிக்கும்தாம்.

அந்த மெக்கானிக்குகளின் தலைமுறை இப்போது முதுமை எய்திவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வருவதில்லை. வரவேண்டும் என்று அவர்களும் விரும்புவதில்லை. காரை வாங்கியவருக்குக் கிடைக்கும் மரியாதையில் சிறு பங்குகூட அதை ஓட வைப்பவருக்குக் கிடைக்காத சமூகத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. எண்ணெய்க் கறை படிந்த கையைத் தாழ்வாக நினைக்கும் மனப்பான்மைதான் நாயுடு வாழ்நாள் முழுவதும் எதிர்த்து நின்ற எதிரி. பெரும் செல்வரான பிறகும் அவர் பட்டறையைவிட்டு விலகாததன் பொருள் அதுவே.

தொழிற்பயிற்சி நிலையங்களில் பழைய இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டும் பயிற்சிக்கு இடமளிப்பதும், மூத்த மெக்கானிக்குகளைப் பயிற்றுநர்களாக அழைத்து ஊதியம் தருவதும் அரசுக்குப் பெரும் செலவன்று. பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர்களை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவது, மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஒருவரின் பெயரைப் பாலத்துக்குச் சூட்டியிருக்கும் மாநிலத்துக்கு அழகன்று.

கார் வாங்குவோரும் செய்யக்கூடியவை உண்டு. வாங்கும் விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். பயன்படுத்திய காராக இருந்தால், மீட்டர் காட்டும் தூரத்தைவிடப் பணிமனைக் குறிப்பேட்டை நம்பலாம். டயரின் நான்கு எண்களைப் படிக்கவும், எண்ணெயின் நிறத்தைப் பார்க்கவும் வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளலாம். காரை வாரம் ஒருமுறையேனும் இயந்திரம் நன்கு சூடேறும் வரை ஓட்டலாம். இவை எதற்கும் பொறியாளராக வேண்டியதில்லை.

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார். அவர் விரும்பியபடி 2,000 ரூபாய் கார் தமிழகச் சாலைகளில் ஓடவில்லை. ஆனால், உணவு விடுதியில் பரிமாறிச் சேர்த்த பணத்தில் வாங்கிய ஒரு வண்டியை அவர் பிரித்துப் பார்த்ததிலிருந்து ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும் ஒரு நகரத்துக்குத் தொழில் மரபும் கிடைத்தன. அவர் கொடுத்த 300 ரூபாய்க்கு அந்த மோட்டார் சைக்கிள் திருப்பித் தந்தது அவ்வளவு. எங்கள் முற்றங்களில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் 60 லட்சம் ரூபாய் கார்கள் இதுவரை எதையும் திருப்பித் தரவில்லை. அவற்றின் முன்மூடியை நாம் இன்னும் திறந்து பார்க்கவில்லை.